கூலரின் பெயர்

1. தண்ணீர் பரிசோதிக்கும் கருவியைப் பையில் வைத்தேன்.
2. எடை பார்த்தேன், பதினான்கு கிலோ.
3. போர் நடக்கும் நாட்டுக்கு நிவாரணப் பணிக்குப் போகிறவர்களுக்கான படிவத்தில் நின்றுவிட்டேன். நான் கடத்தப்பட்டால், உயிரோடு இருக்கிறேனா என்று அறிய, எனக்கும் வீட்டுக்கும் மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வி வேண்டுமாம்.

சிறுவயதில் நாங்கள் இருந்த தில்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில், வெட்டிவேர் மணத்தோடு ஓயாமல் இரையும் கூலருக்கு நாங்கள் ஓர் ஆள் பெயர் வைத்திருந்தோம். பள்ளி வாசலில் யார் வந்து அழைத்தாலும் அந்தப் பெயரைக் கேட்க வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. ஏழு வயதில் ஒருநாள் அவருடைய அலுவலக நண்பர் ஸ்கூட்டரில் வந்தார். “பேட்டா, ஜல்தி சலோ!” என்று சீக்கிரம் கிளம்பச் சொன்னார். அப்பா மருத்துவமனையில் இருக்கிறாராம். பெயரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அம்மா வரும்வரை, வெயிலில் சுட்ட கேட் கம்பியை நான் விடவில்லை. வார்டில் அப்பா முதலில் கேட்டது, “பேரு கேட்டியா?”

அம்மா படிவத்தை எட்டிப் பார்த்தாள். “அங்க யாராவது கூப்பிட்டா இதைக் கேக்கணுமாடி?”

“இல்லம்மா. இந்தத் தடவை நீதான் கேக்கணும்.”

மடித்த சட்டையை அவள் மறுபடி மடித்தாள். “அந்த ஓட்டைக் கூலருக்கு வந்த வாழ்வைப் பாரு.”

பெயரை எழுதிவிட்டேன், இங்கே சொல்ல முடியாது. அப்பா இப்போது இல்லை. வீட்டில் அது தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். விமானம் நாளை மதியம்.