தள்ளி நின்றவன்

காலையிலிருந்து மாலை வரை பிறருக்காகப் பேசுவதுதான் அப்போது என் வேலை. பினாங்கில் ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் தமிழ்த் துபாஷியாக இருந்தேன். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் மாஜிஸ்ட்ரேட் துரைக்குச் சொல்ல வேண்டும். துரை ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் கூண்டுக்குச் சொல்ல வேண்டும். "அவன் அடிக்கவில்லை என்கிறான்" என்று சொல்லக் கூடாது. "நான் அடிக்கவில்லை" என்று அவனாகவே நின்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. இப்படி நாள் முழுவதும் நான், நான் என்று சொல்லிவிட்டு, சூலியா தெருவை ஒட்டிய சந்தில் இருந்த என் மாடி அறைக்குப் போனால், அந்தச் சொல்லுக்கு அங்கே வேலையே இருக்காது.

அப்பா சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தை நம்பி நான் பட்டணத்துக்கு வந்தேன். வேலையில் சேர்ந்த அன்று கோர்ட்டின் பெரிய கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஊர்க்காரங்களோட ரொம்ப ஒட்டாதே. இன்னிக்கு உன்கூட உக்காந்து கோப்பி குடிக்கிறவன் நாளைக்கு கூண்டுல வந்து நிப்பான். அப்புறம் நீ எந்தப் பக்கம்னு கேப்பாங்க" என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. நானும் ஒட்டவில்லை.

சத்தம் எனக்குப் புதிதல்ல. கோர்ட்டு ஜன்னலுக்கு வெளியே ரிக்‌ஷா மணி, கூவி விற்பவர்கள், துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதும் ஒலி எல்லாம் ஓயாமல் இருக்கும். உள்ளே, எனக்குப் பின்னால் வக்கீல்களின் குமாஸ்தாக்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். தலைக்கு மேல் மின்விசிறி கடக் கடக்கென்று சுற்றும். அவற்றுக்கெல்லாம் என் காது பழகிவிட்டது. ஓடுகிற ஆற்றின் கரையில் இருப்பவனுக்குத் தண்ணீரின் இரைச்சல் கேட்காமல் போவது போல.

எதிர்ப்புறத்தில் ஒரு கம்பெனி புதுக் கட்டடம் எழுப்பத் தொடங்கியபோதுதான் தொல்லை வந்தது. கடலோரத்து மண் இளக்கமானது. அதனால் அஸ்திவாரத்துக்கு நீளமான மரக்கட்டைகளை மண்ணுக்குள் இறக்கினார்கள். நீராவி இயந்திரம் ஓர் இரும்புக் குண்டை உயரத் தூக்கும்; அது கட்டையின் தலையில் விழும். 'தொம்' என்று நெஞ்சுக்குள் இறங்கும். அது விழும் நேரத்தில் எதுவும் கேட்காது. ஆனால் அதைவிட மோசம், அடுத்த அடிக்காகக் காத்திருக்கும் நேரம். சாட்சி பேசிக்கொண்டிருப்பார், என் மனசு அவர் வாயில் இருக்காது, இரும்புக் குண்டு உயரே போவதோடு தானும் ஏறிக்கொண்டிருக்கும். இப்போது விழும், இதோ விழும் என்று. விழுந்த பிறகு ஒரு நிம்மதி. அதற்குள் சாட்சி இரண்டு வாக்கியம் தாண்டியிருப்பார்.

ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம் தாங்காது. துரைக்கு அது ஆகாது. திறந்தே இருக்கட்டும் என்றுவிட்டார். எனக்கு மாலையில் தலை கனக்கும். அறைக்குப் போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு, அது பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருப்பேன். இதைச் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை.

அந்த நாட்களில் ஒரு வழக்கு வந்தது. துறைமுக ஜெட்டியில் தொங்காங் படகிலிருந்து அரிசி மூட்டை இறக்கும் இரண்டு கூலிகளுக்குள் வாய்ச்சண்டை. அதில் ஒருவன் படகுக்கும் கரைக்கும் நடுவே போட்டிருந்த பலகையிலிருந்து கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டான். மற்றவன் தன்னைத் தள்ளிவிட்டதாகப் புகார் கொடுத்தான். குற்றம் சாட்டப்பட்டவன் இருபது வயசுக்காரன். ஊரிலிருந்து கப்பலேறி வந்து அதிக நாளாகவில்லை. தனக்கென்று வக்கீல் வைக்க வழியில்லை. புகார்காரனுக்கு வக்கீல் இருந்தார்.

ஒரே ஒரு சாட்சி. ஜெட்டி முனையில் ஆப்பம் விற்கும் அம்மாள். கூண்டில் ஏறியதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, துரையைப் பார்ப்பதா என்னைப் பார்ப்பதா என்று தெரியாமல் விழித்தார்.

"சண்டை நடந்தபோது அந்தப் பையன் என்ன செய்தான்?" என்று துரை கேட்டதைத் தமிழில் கேட்டேன்.

அம்மாள் சொல்ல வாயெடுத்தார். வெளியே குண்டு ஏறியது. "அவன் தள்ளி" என்பது வரை தெளிவாகக் கேட்டது. தொம். பிறகு "னான் தொர" என்று முடிந்தது.

தள்ளினான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

துரை குனிந்து எழுதத் தொடங்கினார். புகார்காரனின் வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அம்மாள் தன் போக்கில் தொடர்ந்தார். "கிட்டவே போகல தொர. விழுந்தானே, இவன்தான் தள்ளாடிக்கிட்டே பலகையில கால வச்சான்."

கிட்டவே போகாதவன் எப்படித் தள்ளியிருப்பான்? அப்போதுதான் புரிந்தது. அம்மாள் 'தள்ளி நின்னான்' என்று சொல்லியிருக்கிறார். நடுவில் இருந்த ஓர் அசையை இரும்புக் குண்டு விழுங்கிவிட்டது. விலகி நின்றவனை நான் தள்ளியவனாக்கிவிட்டேன்.

"ஐயா, மன்னிக்க வேண்டும். நான் சொன்ன வார்த்தை தவறாக இருக்கலாம். சாட்சியை மறுபடி கேட்க அனுமதி வேண்டும்" என்று துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

வக்கீல் சட்டென்று எழுந்தார். பதிலைச் சொல்லியாகிவிட்டது, துபாஷி இப்போது சாட்சிக்கு வேறு பதிலை எடுத்துக்கொடுக்கப் பார்க்கிறார் என்றார். என் பின்னால் குசுகுசுப்பு நின்றுவிட்டது. துரை பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"எது சரி? அந்த அம்மாள் சொன்னதா, நீ சொன்னதா?" என்றார்.

"எனக்கு முழுவதும் கேட்கவில்லை" என்றேன். அதைவிட அவமானமான வாக்கியத்தை ஒரு துபாஷி சொல்ல முடியாது. காதுதான் எங்கள் பிழைப்பு.

துரை கோர்ட்டு சேவகனை எதிர்ப்புறத்துக்கு அனுப்பி, சற்று நேரம் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அது நின்றபோது கோர்ட்டே வெறிச்சென்று ஆகிவிட்டது. துரை சொன்னதைத் தமிழில் அம்மாளுக்குச் சொன்னேன். பல நாளைக்குப் பிறகு என் குரல் எனக்கே கேட்டது.

"யாரு எங்க இருந்தாங்கன்னு வாயால சொல்ல வேணாம்மா. எறங்கி வந்து நின்னு காட்டுங்க."

அம்மாள் கூண்டைவிட்டு இறங்கினார். சேவகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மேஜைக்கு முன்னால் நிறுத்தினார். "நீதான் விழுந்தவன். ஆடாம நில்லு" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு அவர் திரும்பி நடந்தார், நடந்து வாசல் கதவுவரை போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அந்தப் பையன் இங்க நின்னான் தொர. இம்புட்டு தூரம். கையில மூட்ட வேற. இங்கேர்ந்து எப்படித் தள்ளுறது?"

நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

பையனை அன்றே விடுதலை செய்தார்கள். எதிர்ப்புறத்தில் இயந்திரம் மறுபடி கிளம்பியது. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். இடைவேளையில் அந்த அம்மாள் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்து, "நான் ஒழுங்காத்தானேய்யா சொன்னேன்? நீங்க ஏன் மாத்திச் சொன்னீங்க?" என்று கேட்டார். சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "எனக்குக் கேட்டுச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புகார்காரன் ஆட்கள் வேறு விதமாகப் பேசினார்கள். துபாஷி பையன் பக்கம் சாய்ந்துவிட்டான், ஏதோ வாங்கியிருக்கிறான் என்று. நான் வழக்கமாகப் போகும் கோப்பிக் கடையில் ஒரு மேஜையில் உரக்க நடந்துகொண்டிருந்த பேச்சு நான் நுழைந்ததும் அடங்கியது. நான் குடித்து முடித்து வெளியேறும்வரை அப்படியே இருந்தது. மறுநாளிலிருந்து அறையிலேயே கோப்பி போட்டுக்கொண்டேன்.

அந்த வாரத்திலேயே ஒரு மாலை என் மாடிப்படியில் காலடி கேட்டது. கதவைத் திறந்தால் அந்தப் பையன். குளித்து, தலை வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அண்ணே, உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"வழக்கு முடிஞ்சிருச்சுல்ல தம்பி, அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே. இங்க எனக்கு யாரையும் தெரியாது. சும்மா கொஞ்ச நேரம் பேசிட்டு..."

எனக்கும் யாரையும் தெரியாது என்று சொல்ல நினைத்தேன். உள்ளே இருந்த ஒரே நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்ளலாம். உலையில் சோறு இருந்தது. ஆனால் சந்துக்கு எதிர்வீட்டுப் பலகணியில் இரண்டு பேர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழச்சீப்பு மறுநாள் கோர்ட்டில் என்னவாகப் பேசப்படும் என்று எனக்குத் தெரியும்.

"அதெல்லாம் கூடாது தம்பி. எடுத்துட்டுப் போங்க. இனிமே இங்க வராதீங்க."

அவன் முகம் சுருங்கியது. "சரிங்க" என்றான். அண்ணே என்ற சொல் போய்விட்டது. படியில் அவன் இறங்கிப் போகும் ஓசை அடங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைக் கர்வக்காரன் என்று நினைத்திருப்பான்.

அதன் பிறகு கோர்ட்டில் சாட்சியின் உதடுகளையே பார்க்கப் பழகினேன். காதைக் குண்டு மூடும்போது கண் பிடித்துக்கொள்ளும். பிழைகள் குறைந்தன. ஆனால் அந்தப் பழக்கம் கோர்ட்டோடு நிற்கவில்லை. கடைக்காரர், எண்ணெய் ஊற்றுபவர், யார் பேசினாலும் அவர் வாயையே உற்றுப் பார்ப்பேன். அவர்கள் கூச்சப்பட்டுப் பேச்சை முடித்துக்கொள்வார்கள்.

மறு வருஷம் காரணம் எதுவும் சொல்லாமல் என்னைத் தீவிலிருந்து அக்கரைக்கு மாற்றினார்கள், கெப்பாலா பத்தாஸ் பக்கத்தில் ஒரு சிறிய கோர்ட்டுக்கு. சுற்றிலும் வயல். இயந்திரம் இல்லை, ரிக்‌ஷா இல்லை. கூரையில் குருவிகள் மட்டும். இனி வேலை சுலபம் என்று நினைத்தேன். நடந்தது வேறு. பட்டணத்துச் சத்தத்தில் சாட்சியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மனசு, இந்த அமைதியில் பிடியை விட்டுவிட்டது. ராத்திரிக்கு என்ன சமைப்பது, ஞாயிற்றுக்கிழமையை எப்படித் தள்ளுவது என்று எங்கோ போய்விடும். திருப்பிச் சொல்லச் சொல்லி இங்கேதான் அதிகம் கேட்டேன்.

ஒரு நாள் மாடு வயலில் இறங்கி மேய்ந்த வழக்கு. கூண்டில் இருந்த பெரியவர் நீளமாகப் பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். துரையும் என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு வரிகூட ஞாபகமில்லை.

"மன்னிச்சுக்குங்க பெரியவரே, மொதல்லேர்ந்து இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டது போலத்தான் இருந்தது. "அதுக்கென்னங்கய்யா" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, மாடு வாங்கிய கதையிலிருந்து தொடங்கினார்.