கனவுக்கும் மருந்து வைத்திருந்த டாக்டரம்மா

மயக்க மருந்து டாக்டர் ஜுலைகா காலமான செய்தியை வெள்ளிக்கிழமை காலை போனில் சொன்னவள், அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட முத்துமாரி. "நம்ம டாக்டரம்மா போயிட்டாக சிஸ்டர்" என்று அழுதாள். நானும் அழுதேன். ஆனால் அவரை அறிந்த உங்களுக்காக எழுத உட்கார்ந்தால் சிரிப்புதான் வருகிறது. அதற்கு அவரே பொறுப்பு.

சிவகாசிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில், தீக்காயப் பிரிவில் நான் நர்ஸ். கட்டு மாற்றும் வலி தெரியாமலிருக்க டாக்டர் கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுப்பார். வம்பு பிடித்த மருந்து அது. எச்சில் ஊறும், வாந்தி வரும், தெளியும்போது சிலருக்குப் பயங்கரக் கனவு வரும். முதல் இரண்டுக்கும் ஊசி போடுவார். கனவுக்கு ஊசியோடு பேச்சும் உண்டு. "கலங்கிப்போய்த் தூங்குனா கலங்கிப்போய்த்தான் முழிப்பாக" என்பார். மருந்து ஏறுமுன், நல்ல இடமாக ஒன்றை நினைத்துக்கொண்டே தூங்கட்டும் என்று, "எந்தூருக்குப் போறீக?" என்று கேட்பார். குற்றாலம் என்று சொன்ன காரியாபட்டி வியாபாரி ஒருவர், தெளியும்போது "சோப்பு எங்க?" என்று என்னை அதட்டினார்.

முத்துமாரி பட்டாசுக் கம்பெனியில் வலது கை வெந்து வந்தவள். முதல் கட்டு மாற்றித் தெளிந்தபோது மறுபடியும் தீயைப் பார்த்துவிட்டாள். அடுத்த முறை, "அந்த ஊசி மட்டும் வேணாம்" என்று கட்டைத் தொடவே விடவில்லை. புண் சீழ் வைத்திருந்தது. விட்டால் விரல்கள் ஒட்டிச் சுருங்கிக் கையே போய்விடும்.

டாக்டர் அதட்டவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"அது நெசத் தீ இல்ல தாயி, மருந்தோட சேட்டை. இந்தத் தடவ அதுக்கும் சேத்து மருந்து தாறேன். முழிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருப்பேன். எந்தூருக்குப் போறீக?"

"எனக்கு வீட்டையும் கம்பெனியையும் விட்டா எந்தூரு தெரியும்?"

"கடைசியா எங்கன நல்லாச் சிரிச்சீக?"

"மல்லாங்கிணத்துல. எங்கக்கா கல்யாணப் பந்தியில."

"அங்கனயே போவோம். என்ன சாப்பாடு?"

சோறு, குழம்பு, அப்பளம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாயாசத்துக்கு முன் தூங்கிவிட்டாள். பக்கத்துக் கம்பெனியில் வெடி சோதித்துக்கொண்டிருந்தார்கள். தெளிகிற நேரத்தில் சத்தம் ஆகாதென்று டாக்டர் ஆளனுப்பினார். "சீசன்ல இப்படிச் சொன்னா எப்படி?" என்று முணுமுணுத்தாலும் நிறுத்தினார்கள். டாக்டர் விளக்கைக் குறைத்தார். "வாயாடி, நீயும் கொஞ்சம் சும்மா இரு" என்று எனக்கும் ஒன்று கிடைத்தது.

முத்துமாரியின் உதடு அசைந்தது. அலறப்போகிறாள் என்று காலைப் பிடித்துக்கொண்டேன். அரைக்கண் திறந்து, "எங்க வரிசைக்கு இன்னும் பாயாசம் வரலையே" என்று சலித்துக்கொண்டாள். "வருது தாயி, அடுப்புல இருக்கு" என்றார் டாக்டர், கொஞ்சமும் அசராமல். கட்டு மாற்றிய சர்ஜன் முகமூடிக்குள் சிரித்தார். அதன்பின் ஒவ்வொரு கட்டுக்கும் அவளே நேரத்துக்கு வந்து நின்றாள். இன்று அவளுடைய ஐந்து விரலும் மடங்கி விரிகின்றன.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த "எந்தூருக்குப் போறீக?" கேள்விதான். அடுத்த மாதம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். மயக்கம் கொடுக்கப்போகும் டாக்டர் கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுவேன். மல்லாங்கிணறு. பந்தியில் டாக்டரம்மாவுக்குப் பக்கத்து இலை.