என் மூக்கு சொன்ன சாட்சி

கண்ணை நம்பாதே, நாக்கை நம்பாதே என்று எனக்கு ஒன்பது வயதில் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள், அதே வருஷம் என் மூக்கை மட்டும் முழுசாக நம்பினார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலில் அந்த வருஷம் எனக்குப் புதுநன்மை. வெள்ளை கவுன் போட்டு, கையில் மெழுகுவர்த்தி பிடித்து, முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். அதற்காக ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் வகுப்பு நடக்கும். வகுப்பெடுத்த சிஸ்டர் நல்லவர்தான், யாரும் கேள்வி கேட்காதவரை. ஒருநாள் ஒத்திகைக்காக ஒரு தட்டு நிறைய அப்பம் கொண்டுவந்தார். அந்த அப்பம் எங்களுக்குப் புதிதில்லை. வட்டமாக வெட்டியெடுத்தது போக மிஞ்சும் ஓரங்களைக் கன்னியர் மடத்தில் பொட்டலம் கட்டித் தருவார்கள், சர்க்கரை தொட்டு நொறுக்கித் தின்போம். அந்த அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிஸ்டர், “இப்போ இது வெறும் அப்பம். அன்னைக்கு சாமியார் வார்த்தை சொன்னதும் இது ஆண்டவரோட உடல், திராட்சை ரசம் அவரோட ரத்தம்” என்றார்.

ருசி மாறுமா என்று கேட்டேன். மாறாதாம். நிறம்? அதுவும் மாறாதாம். அப்படியானால் மாறிவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. வகுப்பு முடியும்வரை முட்டி போட வைத்தார். எதற்கு முட்டி போட்டேன் என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டாயிரம் வருஷமாகப் படித்தவர்கள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. நான் கேட்டால் மட்டும் திமிராகிவிட்டது.

எல்லோரும் போனபிறகு சிஸ்டருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் கூப்பிட்டு, “வெளியே தெரியறது அப்படியேதான் இருக்கும். உள்ளே அது என்னவோ, அது மாறிடும். கண்ணும் நாக்கும் அதைக் கண்டுபிடிக்காது. சொன்னவரை நம்பணும், அவ்வளவுதான்” என்றார்.

முட்டி வலித்தாலும் அந்தப் பதில் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் எதைப் பார்த்தாலும் சந்தேகம். இந்தச் சுவர் சுவர்தானா, அல்லது சுவர் மாதிரி தெரிகிற வேறு ஏதாவதா? தட்டில் விழுந்த மீன் துண்டைப் பார்த்து அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். “பார்த்தா மீன் மாரி கீது, துன்னா மீன் மாரி கீது, அப்பால இன்னாடி உனுக்கு? துன்னுட்டு எய்ந்து போ” என்றாள் அம்மா. வேதசாத்திரம் எங்கள் வீட்டில் அதோடு முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா திரும்பி வந்தார். அப்பாவின் தம்பி அவர். காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற வேலை. சம்பாதித்ததையெல்லாம் குடித்து, குடித்துவிட்டுச் சித்தியை அடித்து, சித்தி கைக்குழந்தையோடு திருவொற்றியூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா தம்பியைக் குடியை நிறுத்துகிற தியான இல்லம் ஒன்றில் கொண்டுபோய் விட்டார். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும்போது, “வுட்டுட்டேண்ணா” என்று சொல்லிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார் சித்தப்பா.

அதே சிவந்த கண், அதே நடுங்குகிற கை, பாக்கெட் கிழிந்த அதே சட்டை. ஆனால் நான் உடனே நம்பிவிட்டேன். வெளியே அப்படியே இருக்கும், உள்ளேதான் மாறும் என்று எனக்குத்தான் பாடம் நடந்திருக்கிறதே! அப்பா நம்பவில்லை. “குடிகாரன் பேச்சு வுடிஞ்சா போச்சு” என்றார். சித்தியோ, என் அப்பா வந்து வாக்குக் கொடுத்தால்தான் திரும்புவேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள். அதனால் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். என் புதுநன்மை நாள்வரை பார்ப்பது. அதுவரை தம்பி சுத்தமாக இருந்தால் அன்றைக்குச் சித்தியை வரவழைத்துச் சேர்த்துவைப்பது. இல்லையென்றால் தம்பியே இல்லை.

சுத்தமாக இருக்கிறாரா என்று பார்க்கிற வேலை எனக்கு வந்தது. சாயங்காலம் சித்தப்பா வந்ததும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்க வேண்டும். அப்படியே வாயை மோந்து பார்க்க வேண்டும். மீன் வாடை, டீசல் வாடை, பீடி வாடை எல்லாம் தள்ளுபடி. சரக்கு வாடை வந்தால் மட்டும் அப்பாவைப் பார்த்து மூக்கைச் சொறிய வேண்டும். தினமும் கூலி ஒரு கடலை மிட்டாய். பெற்ற பிள்ளையை இப்படியொரு வேலைக்கு அனுப்ப ஒரு அப்பாவுக்கு எப்படி மனசு வந்தது? எனக்கோ பெருமை தாங்கவில்லை. தவக்காலம் முழுக்க மோந்தேன், ஒருநாள்கூட மூக்கைச் சொறியவில்லை.

புதுநன்மை நாள் வந்தது. ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் சித்தப்பாதான் என்பதால் எனக்குப் பின்னால் நின்றார். எங்களுக்கு வெறும் அப்பம். பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் மட்டும் அன்றைய சிறப்பாகச் சாமியார் அப்பத்தைத் திராட்சை ரசத்தில், அதாவது ஒயினில், நன்றாகத் தோய்த்துக் கொடுத்தார். அம்மா வாங்கினாள், சித்தப்பா வாங்கினார். அப்பா வரிசைக்கே வரவில்லை. பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனம் செய்து பல வருஷம் ஆகியிருந்ததால், வெளியே செருப்புகளோடு நின்றுகொண்டிருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தால், அப்பாவின் பக்கத்தில் குழந்தையோடு சித்தி. அப்பா புருவத்தை உயர்த்தினார். நான் ஓடிப்போய்ச் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன். வாடை அடித்தது. தவக்காலம் முழுக்கக் காத்திருந்த கை தானாக மூக்குக்குப் போய்விட்டது.

“பார்த்தியாம்மா? கோயிலுக்கே போட்டுகினு வந்துகிறான்!” என்று அப்பா கத்தினார். கோயில் வாசல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சித்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். “அது பூசையில வாங்கனதுண்ணா” என்றார் சித்தப்பா. “பூசையில சரக்கு ஊத்துறாங்களா உனுக்கு?” என்றார் அப்பா.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. மெழுகுவர்த்தியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன்: “அது சரக்கு இல்ல! ஆண்டவரோட ரத்தம்! சிஸ்டர் சொன்னாங்க!” தினமும் ஜெபமாலை சொல்கிற ஜனம் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கடைசியில் அம்மாதான் ஓடிப்போய்ச் சித்தியின் கையைப் பிடித்து இழுத்துவந்து, “நானுந்தான் வாங்கனேன். என் வாயையும் மோந்து பாருடி” என்று என் முன்னால் குனிந்தாள். மோந்தேன். அதே வாடை.

“அட, இதானா!” என்று அப்பா வெடித்துச் சிரித்தார். தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. பிறகு சித்தியிடம், “நம்பும்மா. பாப்பாதான் சாட்சி. முத்தம் குடுக்கிற சாக்குல தெனிக்கும் மோந்து பாத்துகினுதான் கீறா. ஒருநாளு, ஒரே ஒருநாளுகூட வாடை இல்ல!” என்றார். சித்தியின் முகம் இளகியது. குழந்தையைச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

சித்தப்பா குழந்தையை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“தெனிக்கும் ஓடியாந்து கட்டிப்பியே கண்ணு, அது அதுக்கா?”

ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன். என்னால்தானே அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை திரும்பக் கிடைத்தார்கள்! அவர் அதற்கு நன்றி சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் பார்வையை என்மேலிருந்து எடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். எல்லோரும் வீட்டுக்குப் போய் பிரியாணி சாப்பிட்டோம்.

சித்தப்பா அதன்பிறகு குடிக்கவேயில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் எப்போது அவர் பக்கத்தில் ஓடினாலும், கட்டிக்கொள்வதற்கு முன்பே குனிந்து, வாயைப் பெரிதாகத் திறந்து, என் முகத்தில் “ஹா” என்று ஊதிக் காட்டுவார். அதை ஒரு புது விளையாட்டு என்று நினைத்து, நான் ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரித்தேன்.