என் கைராசியும் ஒரு கறுப்புக் கம்பளியும்

பதுளைக் கடைவீதியில் என்னைப் போல அதிர்ஷ்டக்காரி வேறு யாரும் இல்லை என்று ஏழு வயதுவரை உறுதியாக நம்பியிருந்தேன். நம்பவைத்தவர் அப்பா. ரயில் இன்னும் பதுளைக்கு வராத காலம் அது. பண்டாரவளையிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கும் சேலைகளையும் கம்பளிகளையும் அவர் விற்றுவந்தார். காலையில் கடைப்பலகைகளைக் கழற்றி வைத்ததும் முதல் போணி என் கையால்தான் நடக்க வேண்டும். அதற்கு முன் வேறு யாருக்கும் ஒரு முழத் துணிகூடக் கிழிக்கமாட்டார்.

அத்தை என்னை எழுப்பித் தலைவாரி, பொட்டு வைத்து, கையில் ஒரு செப்புக்காசைத் திணித்து, வீட்டுக்கும் கடைக்கும் நடுவிலுள்ள உள்கதவு வரை கொண்டுவந்து விடுவார். அப்பாவின் தங்கை அவர். கல்யாணமான மறுவருஷமே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்டவர். அந்தக் கதவை அவர் தாண்டி நான் பார்த்ததில்லை. நான் மட்டும் மகாராணி கணக்காக உள்ளே போய், காசைக் கொடுத்து ஒரு சிவப்பு ரிப்பன் வாங்குவேன். அப்பா காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாப்பெட்டியில் போடுவார். ரிப்பனோ அரைமணி நேரத்தில் என்னிடமிருந்து பிடுங்கப்பட்டு அலமாரிக்கே திரும்பிவிடும். மறுநாளும் அதே ரிப்பன்தான். இப்படி ஒரு வியாபாரத்தை அதன்பிறகு நான் எங்கும் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்துச் சனம் மலையிறங்கி வரும். எப்போதும் முதல் ஆளாக வருபவர் ஓர் அம்மாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. அவர் குடியிருந்த லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், யாருக்குத் துணி எடுப்பதென்றாலும் அவர்தான் வந்து எடுப்பார். யாருக்கு என்ன நிறம் பிடிக்கும், எந்தப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் வந்த நாளில் ஓர் அலமாரியே காலியாகும். அப்படிப்பட்டவரையும் அப்பா வாசலில்தான் நிறுத்திவைப்பார்.

"சின்ன மொதலாளியம்மா எந்திரிச்சு வரணும். கொஞ்சம் இரும்மா."

"வரட்டுங்க மொதலாளி. புள்ளைக்காகத்தானே?" என்று அவர் சிரிப்பார். இவ்வளவு பெரிய மனுஷி எனக்காகக் காத்து நிற்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியாது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று நான் வேலைநிறுத்தம் செய்தேன். பண்டிகைக்காவது ரிப்பன் எனக்கே வேண்டும் என்று முதல்நாள் கேட்டதற்கு, அது போணிச் சாமான், தரமுடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தக் கோபத்தில், அத்தை எழுப்ப வருமுன்பே கடைக்குள் புகுந்து கம்பளிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வெளியே நல்ல மழை. அந்த அம்மாளும் நாலைந்து பெண்களும் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு வந்து, எங்கள் வாசல் தாழ்வாரத்தில் நனைந்தபடி நின்றார்கள். உள்கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "அண்ணே, புள்ளைய காணோம்ண்ணே."

எதிர்க்கடையில் அப்போதுதான் பலகை திறந்தார்கள். "மழையில ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்று அங்கிருந்து அழைப்பும் வந்தது. அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். அதில் ஒருத்தி புதுப்பெண். மஞ்சள் பூசிய முகம், தலைநிறையப் பூ.

"நீ வாம்மா மொதல்ல. வந்து சும்மா ஒரு கைக்குட்டை வாங்கிக்க."

புதுப்பெண் படியில் ஒரு காலை வைத்தாள். வைத்தவள் நின்று, அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இத்தனை நாளும் புள்ளைக்காக இல்லீங்களா மொதலாளி?" என்றார் அம்மாள். கோபமாகக் கேட்கவில்லை.

"அதில்லம்மா... கடைன்னா ஒரு வழக்கம்..."

"தெரியுங்க. எங்க லயத்துலயும் உள்ள வழக்கந்தான். காசு குடுத்து வாங்குற எடத்துலயும் இருக்கும்னுதான் தெரியாமப் போச்சு."

சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள், புதுப்பெண் உட்பட. நான் பதறி எழுந்து, "அப்பா, வந்துட்டேன்" என்று வெறுங்கையை நீட்டினேன். அப்பா திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு லயத்தின் தீபாவளி முழுவதும் எதிர்க்கடையில் மூட்டை கட்டப்படுவதை, முழக்கோலைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த ஞாயிறு அந்த லயத்தார் யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு பக்கத்துத் தோட்டத்தாரும் வரவில்லை. தினமும் நான் தவறாமல் போணி செய்தும் பயனில்லை. அப்பா ரிப்பனை எனக்கே தந்துவிட்டார். எனக்குத்தான் அதைத் தொடவே பிடிக்கவில்லை. ஆசைப்பட்டதால் ராசி போய்விட்டது என்று அத்தையின் மடியில் விழுந்து அழுதேன்.

"என் கை கெட்டுப்போச்சு அத்தை."

என் உள்ளங்கையை விரித்து வெகுநேரம் பார்த்தார். "உன் கைக்கு ஒண்ணுமில்லடி" என்றார்.

மறுநாள் காலை அத்தை எனக்குத் தலைவாரிவிட்டார். ஆனால் காசு தரவில்லை. கொல்லைப்பக்கமாக இறங்கி எங்கோ போனார். நான் உள்கதவில் நின்று கடையைப் பார்த்தேன். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி, தெருவில் நடந்து வந்து, கடைவாசலில் நின்றார் அத்தை.

"உள்ள வரலாமா?"

அப்பாவின் கை கடைசிப் பலகையிலேயே நின்றுவிட்டது. எதிர்க்கடைக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பா, "வாங்க" என்றார். அத்தையை அவர் வாங்க போங்க என்று பேசி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

"ஒரு கறுப்புக் கம்பளி குடுங்க. மலையில மட்டுமில்ல, இங்கயும் குளுரத்தான் செய்யுது." முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை நீட்டினார். அப்பா அதை வாங்கி, சற்றுத் தயங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டார்.

அன்றைக்கு வியாபாரம் ஒன்றும் கொட்டிவிடவில்லை. அந்த அம்மாள் திரும்பி வரவே தைப்பொங்கல் கழிந்தது. வந்தவர் வாசலில் நிற்காமல் நேரே உள்ளே நுழைந்தார். பிற்பாடு வெலிமடையில் இரண்டாவது கடையும் போட்டோம். புதிதாகக் கடை வைப்பவர்கள் யோசனை கேட்டு வந்தால், "பலகையைக் கழட்டிட்டா வாசல்ல ஒரு ஆளையும் நிறுத்தாதீங்க" என்பார் அப்பா. தானே யோசித்துக் கண்டுபிடித்தது போலத்தான் சொல்வார்.

அத்தை கம்பளி வாங்கிய அன்று எனக்கு ஒரே அழுகை. என் உத்தியோகத்தை அத்தை பறித்துக்கொண்டார் என்ற ஆத்திரம். கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே தெருவைச் சுற்றி அவர் வீடு திரும்பியபோது, "கதவு இங்கதானே இருக்கு, ஏன் அத்தை தெருவைச் சுத்துறீங்க?" என்று கேட்டேன். அவர் என்னையும் சேர்த்துக் கம்பளியால் போர்த்திக்கொண்டார். இத்தனை வருஷம் இதே வீட்டில் இருந்தும் கடைக்குப் போக நாலடி வழி தெரியவில்லையே இந்த அத்தைக்கு என்று, அந்தக் கதகதப்புக்குள் இருந்தபடி நினைத்துக்கொண்டேன்.