பத்து கிராம் பால்சர்க்கரை

மைசூர் மாநிலம் என்ற பெயர் போய்க் கர்நாடகம் என்று ஆன புதிது. அப்பா மைசூரில் ரயில்வேயில் இருந்தார். எங்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். எனக்குக் கோபம் அடிக்கடி வரும். ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது என்கிற நினைப்பு. அன்று நானாக இருந்த அந்தப் பெண்ணை இன்று பார்த்தால் தலையில் ஒரு குட்டு வைப்பேன். கட்டிக்கொள்ளவும் செய்வேன்.

கிருமி வளர்க்கிற கூழான மீடியா இப்போது டப்பாவில் பொடியாக வருகிறது, தண்ணீரில் கலக்கினால் முடிந்தது. அப்போது ஒவ்வொன்றையும் நாங்களே நிறுத்துப் போட்டுக் காய்ச்ச வேண்டும். கடல்பாசி அகார், பித்த உப்பு, சிவப்புச் சாயம், பால்சர்க்கரை. அந்தக் கொதி வாசனை புடவையில் ஏறி வீடுவரை வரும். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, குளித்துவிட்டு உள்ளே வா என்பாள். அந்த நாற்றத்துக்காக இன்று ஏங்குகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

அந்த மீடியாவின் வேலை அழகானது. பித்த உப்பு வேண்டாத கிருமிகளை வாசலிலேயே தடுத்துவிடும். குடலில் வாழ்கிறவை மட்டும் வளரும். அவற்றிலும் பால்சர்க்கரையைத் தின்கிற சாதாரணக் கிருமிகள் ரோஜா நிறமாகும். டைபாய்டுக் கிருமிக்கு அது தின்னத் தெரியாது, வெளுப்பாகவே நிற்கும். காலையில் கண்ணாடித் தட்டைத் திறந்ததும் நிறம் சொல்லிவிடும். ஆனாலும் வெளுப்பு என்றால் வெறும் சந்தேகம்தான். அதைச் சர்க்கரைக் குழாய்களில் போட்டு, இன்னொரு நாள் காத்திருந்து, பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

தசராவுக்கு முந்தைய வாரங்கள். ஊர்வலத்துக்குப் பழக்குவதற்காக யானைகளைத் தினமும் எங்கள் சாலை வழியாக நடத்திக்கொண்டு போவார்கள். மணிச் சத்தம் கேட்டால் லேபே வராண்டாவில் நிற்கும். அன்று நானும் மீடியா காய்ச்சுவதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்து சாயத்தை ஊற்றி, வேகவைத்து, தட்டுகளில் வார்த்தேன். புதிதாகக் காய்ச்சிய மீடியா ஒவ்வொன்றையும் முதலில் நமக்குத் தெரிந்த கிருமியைத் தேய்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

அன்று மதியம் நர்சிங் ஹாஸ்டலிலிருந்து பரிசோதனைக்கு ஒரு மல மாதிரி வந்தது. அங்கே மூன்று பெண்களுக்கு டைபாய்டு. சமையற்காரம்மாவின் மேல் வார்டனுக்குச் சந்தேகம். அந்த அம்மா கொள்ளேகாலைத் தாண்டிக் கௌதள்ளிப் பக்கம், வீட்டில் தமிழ்தான்; புருஷன் இல்லை, ஹாஸ்டல் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவருக்கு வீடு. வேலை போனால் அறையும் போய்விடும்.

மறுநாள் காலை அவர் தட்டு முழுக்க வெளுப்பு. வார்டன் நேரிலேயே வந்து கேட்டார். "சந்தேகமாத்தான் இருக்கு மேடம்" என்றேன், பெரிய மனுஷி மாதிரி. மதியத்துக்குள் அந்த அம்மாவைச் சமையல்கட்டிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். ஊருக்குப் போகச் சொன்னார்களாம். அன்றே மற்றச் சமையல் ஆட்களின் மாதிரிகளும், முன்மாதிரியாக இருக்கட்டும் என்று வார்டனுடையதும் வந்தன. மிச்சத் தட்டுகளில் போட்டேன்.

அடுத்த நாள் எல்லாத் தட்டும் வெளுப்பு. வார்டனுடையதும். முந்தின நாள் போட்டு வைத்த அந்த அம்மாவின் குழாயைப் பார்த்தேன்: பால்சர்க்கரையைத் தின்று காற்றுவிட்டிருந்தது. அப்படியானால் டைபாய்டு இல்லை. குழாயில் தின்றது தட்டில் ஏன் தின்னவில்லை? அன்று நிறுத்தவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். தராசுக்குப் பின்னால் கையை விட்டேன். மடித்த காகிதத்துக்குள் பத்து கிராம் பால்சர்க்கரை, நான் நிறுத்து வைத்தபடியே இருந்தது.

அந்தக் காகிதத்தைக் குப்பையில் போட்டிருக்கலாம். 'மறுபரிசோதனையில் சரியாகிவிட்டது' என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன். பிறகு கொண்டுபோய் எங்கள் லேபின் டாக்டர் மேஜைமேல் வைத்தேன்.

அவர் காகிதத்தையும் என்னையும் பார்த்தார். "ஏனம்மா, ஆனே நோடோக்கே ஹோகித்யா?" என்றார். யானை பார்க்கப் போனது அவருக்கும் தெரிந்திருந்தது. புதிதாகக் காய்ச்சி எல்லாவற்றையும் மறுபடி போடு என்றார். "ஆமேலே நீனே ஹோகி ஹேளு." நீயே போய்ச் சொல்.

மாதிரி வாங்க நானே போனேன். அந்த அம்மா தகரப் பெட்டியைக் கட்டி அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். கொள்ளேகால் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம். பக்கத்தில் இலையில் வைத்த சோறு அப்படியே காய்ந்துகிடந்தது.

"தப்பு என்னோடதுங்க. இன்னொரு தடவ பாக்கணும். நாளைக்கு வரைக்கும் போகாதீங்க" என்றேன்.

"நா என்ன பண்ணிப்போட்டனுங்க அம்முணி? கையக் கழுவாம ஒரு நாளும் அடுப்புக்கிட்ட போனதில்லீங்க" என்று மட்டும் சொன்னார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் வந்ததும் முதலில் அவர் தட்டைத் திறந்தேன். ரோஜா நிறம். ஓரம்வரை அத்தனையும் ரோஜா நிறம். பத்து தடவையாவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பேன். நோய்க்குக் காரணம் ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டி என்பது பிற்பாடு தெரிந்தது.

காலை காப்பி நேரத்துக்கு ஹாஸ்டலுக்கு ஓடினேன். வார்டன் எல்லோர் முன்னாலும் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா அடுப்படிக்குப் போய்க் காப்பி கலந்து, டம்ளர்களை மேடையில் வரிசையாக வைத்தார். ஒரு பெண்கூட எடுக்கவில்லை. இரண்டு நாள் முன்பு நான் சொன்ன ஒரு சொல் அந்த மேடையில் இன்னும் உட்கார்ந்திருந்தது.

நான் போய் முதல் டம்ளரை எடுத்தேன்.

"எப்படிங்க தப்பாப் போச்சு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"சர்க்கர போட மறந்துட்டேங்க."

அடுத்த டம்ளரைத் துடைத்து நேராக வைத்தார். கோபமில்லை.

"நா மறந்தா காப்பிதானுங்க கசக்கும்" என்றார்.

எல்லோரும் பார்க்க அந்தக் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். சர்க்கரை அளவாகப் போட்டிருந்தார்.