நோவில்லை என்பதை நம்பாதவர்

முந்தநாள் காலை வைத்தியசாலையில் வாட்டைப் பொறுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. "அண்ணை, ஜெசிந்தா மிஸ் போயிட்டா" என்றார் சிற்றூழியர், தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே. அழ நேரமில்லை. முப்பது கட்டிலுக்கு நாங்கள் இரண்டு பேர். காலை மருந்தெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் கழிவறைக்குள் போய் அழுதேன். இந்த வேலை மனிதனை இப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறது.

ஜெசிந்தா முல்லைத்தீவுக் கரையோரத்தவர். கடற்றொழில் செய்த குடும்பம். எங்கள் வைத்தியசாலைக்குத் தாதியாக மாற்றலாகி வந்தபோது எலும்பு முறிவு வாட்டுக்கு நான் பொறுப்புத் தாதியாக இருந்தேன். முதல் கிழமையே அவரில் எனக்கு எரிச்சல். நான் இரண்டு நிமிடம் நிற்கும் கட்டிலில் அவர் பத்து நிமிடம் நிற்பார். "உங்கட வேகத்துக்கு நாளைக்கும் மருந்து குடுத்து முடியாது" என்று சொல்லியும் இருக்கிறேன். "ஓம் அண்ணை, சரிதான்" என்பார். ஆனால் மாறமாட்டார்.

அந்த நாட்களில்தான் பூநகரியிலிருந்து ஓர் ஐயாவைக் கொண்டுவந்தார்கள். உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்து வலது கணுக்கால் நொறுங்கியிருந்தது. இடது கால் போரிலேயே போய்விட்டது, அது பொய்க்கால். முறிந்தது, இருந்த ஒரே கால். எலும்பை நேராக்கி, பிளாஸ்டர் போட்டு, இரண்டு தலையணையில் காலை உயர்த்தி வைத்தோம். அடுத்த நாள் மத்தியானம் "நோகுதோ ஐயா?" என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, பரவாயில்லை" என்றார். நோவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

பின்னால் வந்த ஜெசிந்தா ஒன்றும் கேட்காமல் போர்வையை விலக்கினார். "கண்ணை மூடுங்கோ ஐயா. இப்ப எந்த விரலிலை தொடுறன்?" ஐயாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. விரல்கள் குளிர்ந்து வெளிறிக் கிடந்தன. பெருவிரலை மெல்ல மேலே வளைத்ததும் ஐயா கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தார். சத்தமில்லை, கண் மட்டும் நிறைந்தது.

"எப்ப துவக்கம் இந்த நோவு?"

"விடியத் துவக்கம் பிள்ளை. நீங்கள் இரண்டு பேர்தானே ஓடித் திரியிறியள். ஏன் கரைச்சல் குடுப்பான் எண்டு இருந்திட்டன்."

ஜெசிந்தா தலையணைகளை எடுத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கினார், டாக்டரைக் கூப்பிட்டார். பிளாஸ்டரையும் உள்ளேயிருந்த பஞ்சையும் தோல் தெரியும்வரை பிளந்தார்கள். வீக்கம் உள்ளுக்குள் காலை நெரித்துக்கொண்டிருந்தது. அம்புலன்ஸ் ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போக, அன்றே சத்திரசிகிச்சை நடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கால் போயிருக்கும் என்றார்கள். ஐயா இன்றும் அந்தக் காலை ஊன்றித்தான் நடக்கிறார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜெசிந்தா குறை சொல்லவில்லை. "எங்கட சனத்திட்ட நோகுதோ எண்டு கேட்டா இல்லையெண்டுதான் சொல்லும் அண்ணை. தொட்டுப் பாக்கோணும்" என்றார். அதன்பின் எட்டு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். அவருடைய பத்து நிமிடத்தை நான் மறுபடி குறை சொன்னதில்லை.

இந்த வருடம் அவர் மெலிந்துகொண்டே வந்தார். ஒருநாள் வயிற்றைப் பிடித்தபடி மருந்து வண்டியில் சாய்ந்து நின்றார்.

"என்ன ஜெசிந்தா, ஏலாமல் கிடக்கோ?"

"இல்லையண்ணை, களைப்புத்தான். நான் போனா நீங்கள் தனியவெல்லோ நிக்கோணும்."

சரி என்று விட்டுவிட்டேன். எனக்கும் களைப்பு. அவர் லீவு கேட்டால் ஆளுக்கு எங்கே போவது என்ற பயமும் இருந்தது, ஏன் மறைப்பான். வயிற்றில் புற்றுநோய் என்று கண்டபோது காலம் கடந்திருந்தது.

நேற்றுக் கடற்கரைச் சேமக்காலையில் அடக்கம் நடந்தது. ஒரு பிடி மண் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன், பின்னேரம் கடமை.

போய் வாருங்கள் ஜெசிந்தா. நீங்கள் எல்லாரையும் தொட்டுப் பார்த்தீர்கள். உங்களிடம் மட்டும் நான் கேட்டுவிட்டுப் போய்விட்டேன்.