மணப்பெண்ணைக் கேளுங்கள்

என் லாத்தாவைப் பெண் பார்க்கக் காரைக்காலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கப்பலேறி சைகோனுக்கு வந்து இறங்கிய வாரத்தில், அவர்களை ஒரு பேய்ப் படத்துக்கு அழைத்துக்கொண்டு போனவர் எங்கள் சாச்சா. வேண்டுமென்று செய்ததல்ல. சுவரொட்டியில் முக்காடிட்ட மணப்பெண் ஒருத்தி நின்றாள். தலைப்பில் கனவு என்ற சொல் இருந்தது. கல்யாணம் பேச வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்குமா என்று அவராகவே முடிவு செய்து, வியாழக்கிழமைப் பகல் காட்சிக்கு எட்டுப் பேருக்கு இடம் பிடித்துவிட்டார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பிரெஞ்சுக்காரர் ஆட்சி. படங்கள் இன்னும் பேசத் தொடங்கியிருக்கவில்லை. கத்தினா தெருவில் வாப்பாவுக்கு ஜவுளிக் கடை, கடைக்கு மேல் மாடியில் வீடு. லாத்தா என்றால் எங்களில் அக்கா; சாச்சா வாப்பாவின் தம்பி. உம்மா மட்டும் இந்த மண்ணிலேயே பிறந்தவள், பின் யுவோங் பக்கத்தில் பழத்தோட்டம் வைத்திருந்தவரின் மகள். வாப்பாவைக் கட்டிக்கொண்டபோது இஸ்லாம் மார்க்கத்துக்கு வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, தமிழும் கற்றுக்கொண்டாள். மார்க்கம் நன்றாகப் படிந்துவிட்டது, தமிழ்தான் கொஞ்சம் தகராறு செய்தது. அவள் பேசப் பேச நான் பின்னாலேயே திருத்திக்கொண்டு போவேன். அவளும் பொறுமையாகத் திருப்பிச் சொல்வாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம்.

கல்யாணப் பேச்சு கடிதத்திலேயே முக்கால்வாசி முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் வாப்பாவுக்குச் சம்மதம். மாப்பிள்ளை காரைக்காலில் பிரெஞ்சுப் படிப்பு படித்தவர், வாயிலிருந்து சொல்லை எண்ணி எண்ணித்தான் எடுப்பார், அவருடைய சம்மதத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மீதிக் கால்வாசி அவருடைய மாமியிடம் இருந்தது. மாமி என்றால் மாப்பிள்ளையுடைய வாப்பாவின் அக்கா. தாயில்லாப் பிள்ளையான அவரைத் தூக்கி வளர்த்தவர். அந்தக் குடும்பத்தில் அவர் 'ஆவட்டும்' என்று சொன்னால்தான் எதுவும் ஆகும். "பொண்ணையும் பாக்கணும், பொண்ணு வளந்த வூட்டையும் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கப்பலிலிருந்து இறங்கினாராம். வீடு என்று அவர் சொன்னது உம்மாவைத்தான் என்பது எனக்கே புரிந்தது.

உம்மா மூன்று நாள் பித்தளைப் பாத்திரங்களைத் தேய்த்தாள். தேங்காய்ப்பால் பிழிந்து, முட்டை அடித்து, வட்டிலப்பம் அவித்து வைத்தாள். மாமி அதில் இரண்டு துண்டு சாப்பிட்டு, தட்டை வழித்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் கை கழுவப் போனார். உம்மா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாப்பா கடையில் ஒரே துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போனால், உம்மாவைக் காரணம் காட்டித்தான் போகும். அதை வாப்பாவால் தாங்க முடியாது. லாத்தாவிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற வழக்கமும் இல்லை.

இந்த நிலைமையில்தான் சாச்சா படத்துக்கு இடம் பிடித்தார்.

எங்கள் ஆட்கள் படம் பார்க்கிற விதமே தனி. திரையில் பிரெஞ்சில் எழுத்து வரும். அதை ஊர் ஜனங்களுக்குப் புரியவைக்க, திரைக்குப் பக்கத்தில் ஒருவர் தகர ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு வியட்நாமியத்தில் கதை சொல்லுவார். தமிழ் ஆட்களுக்குச் சாச்சாதான் ஊதுகுழல். கான் ஹொய் துறைமுகத்தில் சுங்க எழுத்தராக இருந்தவர் அவர். அவருக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் சரக்குப் பட்டியலில் வருகிற பிரெஞ்சு; அரிசி, மிளகு, பீங்கான், உடைந்தது, நனைந்தது. காதலும் கண்ணீரும் பட்டியலில் வராது. அதனால் அந்த இடங்களைச் சொந்தமாகவே நிரப்பிவிடுவார். திரையில் ஐந்து வரி வந்தால் "கோவமா இக்கிறான்" என்று முடித்துக்கொள்வார். ஒரே ஒரு சொல் வந்தால் ஐந்து நிமிடம் பேசுவார்.

கீழே ஆண்கள், மாடியில் துணி மறைப்புக்குப் பின்னால் பெண்கள். உம்மாவுக்கும் மாமிக்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருந்தது. அதில் என்னை உட்காரச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டு, மறைப்பு விலகியிருந்த இடமாகப் பார்த்து லாத்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். விளக்கு அணைந்தது.

கதை எளிமையானது. ஒருவன் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறான். கண்ணயர்ந்தால் அவன் கனவில் முகத்தை மூடிய ஒரு மணப்பெண் வருகிறாள். முதல் தடவை தெருக் கதவருகில் நிற்கிறாள். அடுத்த தடவை படியில், அதற்கடுத்த தடவை அறை வாசலில். ஒவ்வொரு தூக்கத்துக்கும் கொஞ்சம் கிட்ட வருகிறாள். அவன் தூங்காமலிருக்க என்னென்னவோ செய்கிறான். கோப்பை கோப்பையாகக் காப்பி குடிக்கிறான், பியானோ வாசிக்கிறான், தலையை வாளித் தண்ணீரில் முக்குகிறான்.

மணப்பெண் முதல் படியில் கால் வைத்ததுமே கீழே சாச்சாவின் குரல் தடுமாறியது. தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "பயப்படாதீங்க! கனவுதான்! எல்லாம் வெறும் கனவு!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். ஊதுகுழல்காரர் விடுவாரா? அவர் பேயாகவே மாறி ஓலமிட்டார். "த்ரோய் ஓய்!" என்று அரங்கமே அலறியது. அதாவது, அட ஆண்டவனே. உம்மாவும் அதையேதான் அலறினாள், பிறந்த பாஷையில். மாமி "அல்லாவே!" என்று பாய்ந்து, நடுவிலிருந்த காலி இடத்தைத் தாண்டி, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையைப் படம் முடியும்வரை விடவில்லை.

நான் பயப்படவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை. லாத்தாவின் தாவணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டதால் பயப்பட நேரம் கிடைக்கவில்லை. அங்கிருந்து கீழே எட்டிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எல்லோரும் திரையைப் பார்த்து அலறுகிற நேரத்தில், மாப்பிள்ளை மட்டும் திரும்பி மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் வெளியே போக வழி தேடுகிறார், பாவம், என்று நினைத்தேன். லாத்தாவும் அப்போது திரையைப் பார்க்கவில்லை. அவளுக்கும் பயம்தான் என்று நினைத்தேன்.

கடைசிக் காட்சி. அவன் படுக்கையில் கிடக்கிறான். மணப்பெண் தலைமாட்டில் நிற்கிறாள், முக்காட்டை விலக்குகிறாள். முகத்தை நமக்குக் காட்டவில்லை. சட்டென்று விடிந்துவிடுகிறது. அவன் கண் திறக்கிறான். அவள் சன்னல் வெளிச்சத்தில் நிற்கிறாள். அவன் சிரிக்கிறான், கண்ணை மூடுகிறான். திரை கறுத்து, எழுத்து வந்தது. நான் தெளிவாகப் படித்தேன்: 'அவன் விழித்துக்கொண்டானா? மணப்பெண்ணைக் கேளுங்கள்.' அவ்வளவுதான் படம்.

விளக்குப் போட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசைப் பிரெஞ்சுக்காரர்களில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் தரையில் காலை உதைத்துச் சீட்டியடித்தார்கள். ஒரு சீமாட்டி தன் கணவனைக் குடையால் குத்தி "அவன் செத்துவிட்டான், கண்ணில்லையா உனக்கு?" என்றாள். வெளியே கரும்புச்சாறு விற்பவரிடம் கூடச் சண்டை நடந்தது. அவர் படத்தைப் பார்க்கவேயில்லை, ஆனாலும் அவருக்கு உறுதியான அபிப்பிராயம் இருந்தது.

எங்கள் வீட்டுச் சண்டை தேநீரோடு தொடங்கியது. ஆண்கள் கூடத்தில், பெண்கள் கதவுத் திரைக்குப் பின்னால் உள்ளறையில். சாச்சா சொன்ன தமிழை மட்டும் கேட்டவர்களுக்கு அவன் விழித்துக்கொண்டான், எழுந்து பல் தேய்த்து, நல்ல பெண்ணாகப் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டான். ஊதுகுழலைக் கேட்டவர்களுக்கு, பேய் அவனை அழைத்துக்கொண்டு போய்விட்டது. மாப்பிள்ளையின் வாப்பா முதல் கட்சி. எங்கள் வாப்பாவும் அந்தக் கட்சிதான்; வியட்நாமியம் நன்றாகத் தெரிந்தும், சம்பந்தி எந்தக் கட்சியோ அதுவே தன் கட்சி என்று இருந்தார்.

மாமி உம்மாவைப் பார்த்தார். "நீ சொல்லு புள்ள. ஒனக்குத்தான் அந்தாளு கத்துனது வெளங்குச்சே. என்னா ஆச்சு அவனுக்கு?"

கூடத்தில் சாச்சா இருமிய இருமலில் கோப்பைகள் அதிர்ந்தன. உம்மாவுக்குப் பொய் வராது. தமிழில் பொய் சொல்லும் அளவுக்கு அவளுக்குத் தமிழும் தெரியாது. "செத்தான்," என்றாள். "பொண்ணு கூட்டிப் போனான்."

"கூட்டிப் போனாள்," என்று திருத்தினேன்.

யாரும் என்னைப் பாராட்டவில்லை. மாமியின் முகம் இறுகியது. "கல்யாணம் பேச வந்த எடத்துல, மாப்புளைய பொண்ணு கொண்டுட்டுப் போற படமா? என்னா சகுனம் தம்பி இது?" என்று திரைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டார். சாச்சா மறுபடியும் இருமினார். வாப்பா எழுந்து நின்ற சத்தம் கேட்டது. உம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். உண்மை எது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். எழுத்தில் அவன் செத்தான் என்றும் இல்லை, பிழைத்தான் என்றும் இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். லாத்தா என் தொடையைக் கிள்ளினாள். நான் பேர் வாங்கிவிடுவேன் என்று அவளுக்குப் பொறாமை.

மாமிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "டேய், நீதானே பிரான்சு படிச்சவன்? கடைசீல என்னா எழுதி இந்துச்சு?"

மாப்பிள்ளை அந்த வாரத்திலேயே அதிகமாகப் பேசியது அப்போதுதான். "அவன் முழிச்சானா இல்லியான்னு அதுல சொல்லல மாமி. மணப்பொண்ணக் கேளுங்கன்னு எழுதி இந்துச்சு." அதோடு விடவில்லை. "இந்த வூட்லயும் ஒரு பொண்ணு இக்கிதே. அதுவும் படிச்ச புள்ளதானாம். அதக் கேட்டுப் பாருங்களேன்."

பெண்ணைக் கேட்பதா? அதுவும் மாப்பிள்ளை இருக்கும்போது, அவர் காதில் விழும்படியா? மாமி லாத்தாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், இதுவரை பார்க்காதவளைப் பார்ப்பதுபோல. பிறகு, "சொல்லும்மா. முழிச்சானா, இல்லியா?" என்றார்.

லாத்தா திரையைப் பார்த்துத்தான் பேசினாள். குரல் கணீரென்று இருந்தது. "முழிச்சிட்டார் மாமி. முழிச்சதுக்கப்பறமும் அந்தப் பொண்ணு அங்கயேதான் நின்னுச்சு. அதான் சிரிச்சார்."

கூடத்தில் யாரோ கோப்பையைக் கீழே வைத்தார்கள். மாப்பிள்ளை சிரித்தார் என்று பிற்பாடு சாச்சா சொன்னார். எனக்குத் தெரிந்தது மாமியின் முகம் மட்டும்தான். அது மெல்ல மெல்ல இளகி, கடைசியில் ஒரே சிரிப்பாக விரிந்தது. உம்மாவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதில் அவருடைய விரல் பதிந்த சிவப்பு இன்னும் மாறவில்லை. "இம்புட்டு அழுத்தியா புடிச்சேன்? ஒரு வார்த்த சொல்லப்படாதா புள்ள?" என்றார். பிறகு, "அந்த வட்டிலப்பம் மிச்சம் இக்கிதா?" என்று கேட்டார். அதைத் தின்று முடித்துவிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, "ஆவட்டும்" என்றார்.

மறுநாளும் அதே படத்துக்குப் போனோம். மாமிதான் பிடிவாதம் பிடித்தார். அன்று நடுவில் இடம் விடாமல் உம்மாவை ஒட்டி உட்கார்ந்து, பேய் வருவதற்கு முன்பே கையைப் பிடித்துக்கொண்டார். அவன் செத்துவிட்டான் என்று உம்மாவும், இல்லை என்று மாமியும் அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் கடிதத்தில் சண்டை போட்டார்கள். உம்மாவின் கடிதங்களை எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

எனக்கு லாத்தாவின் மேல் கோபம். கேள்வி படத்து மணப்பெண்ணுக்கு. இவள் யார் பதில் சொல்ல? என்னைப்போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தானே? அதையும் பாதி நேரம் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் நிக்காஹ். பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுப் போகிற பொறுப்பாளரான வக்கீலும் இரண்டு சாட்சிகளும் அறை வாசலுக்கு வந்து, இன்னாரைக் கணவராக ஏற்கச் சம்மதமா என்று முறைப்படி மூன்று தடவை கேட்டார்கள். கூட்டம் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. லாத்தா தலையைக் குனிந்தபடி வாயே திறக்கவில்லை. மௌனமே சம்மதம் என்று வக்கீல் திரும்பிப் போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை. உம்மாவின் காதில், "அன்னைக்கி யாருக்கோ கேட்ட கேள்விக்கு அவ்வளோ சத்தமா பதில் சொன்னாளே! இன்னைக்கி அவளையேதான் கேக்குறாங்க, ஏன் பேச மாட்டேங்குறா?" என்றேன்.

உம்மா சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அவ முன்னாடியே சொல்லிட்டா," என்றாள்.

உம்மாவுக்குத் தமிழ் சரியாக வராதே. அதனால் பொறுமையாகத் திருத்தினேன். "இன்னும் சொல்லல உம்மா. இப்பத்தானே கேட்டாங்க."